காங்கோ காட்டில் அனகோண்டா

பெரியவள் உலகம் முழுவதையும் தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் வரைந்து வைத்திருந்தாள். என்ன பிரயோஜனம்? பெற்ற மகளே அந்தச் சுவரை ஆசையாகத் திரும்பிப் பார்ப்பது மத்தியானத்துக்கு மேல்தான். அதாவது, சின்னவள் மாடியேறி வந்த பிறகுதான்.

பெரியவள், சின்னவள் என்றதும் அக்கா தங்கை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். மாடியில் பெரியவள் குடும்பம், கீழே சின்னவள் குடும்பம். பெரியவளுக்கு ஒரே மகள், குட்டி. சின்னவளுக்கு ஒரே மகன். அவனுக்கு வைத்த பேர் பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது, மற்றபடி எல்லாருக்கும் அவன் வாலு. குட்டி காய்ச்சலில் படுத்ததில் ஒரு வருஷப் படிப்பு போயிற்று. வாலுவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்கார வைக்க எந்த வாத்தியாராலும் முடியவில்லை. சரி, இரண்டையும் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று பெற்றவர்கள் நாலு பேரும் பேசி முடிவு பண்ணினார்கள். கணக்குக்குப் பெரியவளின் வீட்டுக்காரர். மொழிப்பாடத்துக்குக் கொழுந்தன். உலகப் புவியியல் பெரியவளுக்கு. காடு, கடல், பாலைவனம், அங்கே எந்த உயிர் எதை நம்பிப் பிழைக்கிறது என்ற பாடம் சின்னவளுக்கு.

இந்தப் பாகப்பிரிவினையைச் செய்ததே பெரியவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

புவியியலை அவள் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வரைபட அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை அவளுக்கு, வீட்டுப் பாடம் தொடங்கியபோதுதான் விட்டாள். ஒரு தீவு நகர்ந்திருந்தாலும், ஒரு நதி தப்பான நாட்டுக்குள் நுழைந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிழை இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள், அவ்வளவுதான் வேலை. வட்டம் விழாமல் அவள் மேசையைத் தாண்டிய தாள் நேராக அச்சுக்குப் போய்விடும், மேலதிகாரிகூட இன்னொரு தரம் பார்த்ததில்லை. அதே சட்டத்தை வீட்டிலும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் செய்து சுவரில் மாட்டுகிற அட்டை எதுவானாலும் சாயங்காலம் பெரியவள் பார்ப்பாள். வட்டம் இருந்தால் திருத்த வேண்டும். வட்டம் இல்லாவிட்டால் சரி.

சின்னவளுக்கு மிருகக்காட்சி சாலையில் தீனி அறையில் வேலை. கரடிக்கு என்ன, ஆந்தைக்கு என்ன, முதலைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று எல்லாம் விரல் நுனியில். காலையில் போனால் மத்தியானம் வந்துவிடுவாள், வரும்போது பையில் ஒரு இறகோ, ஓடோ, எலும்போ இல்லாமல் வரமாட்டாள். இறகையும் எலும்பையும் காட்டுகிறவளோடு, நதியின் நீளத்தைச் சொல்கிறவள் எப்படிப் போட்டி போடுவது? சொல்லுங்கள்.

சஹாரா வாரத்தில் நடந்த கூத்தைக் கேட்டால் தெரியும். பாலைவனம் எந்தக் கடலில் தொடங்கி எந்தக் கடல் வரை படுத்திருக்கிறது, மழை ஏன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, காற்று எப்படி மணலைக் குவிக்கிறது என்று பெரியவள் குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினாள். நன்றாகத்தான் சொன்னாள், குறை சொல்ல இடமில்லை. வாலு தரையில் மல்லாந்து கிடந்தான்.

"பெரியம்மா, இதெல்லாம் சரி. அங்க யாரு யாரைத் திங்கறாங்க?"

"அதை உங்கம்மா வந்து சொல்லுவா."

"அம்மா எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவா. நீ முதல்ல எழுந்து உட்காரு."

குட்டி வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் கண் மாடிப்படிப் பக்கம் போய்ப் போய் வந்தது. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. வாலு தேடினால் தேடட்டும், அவனைப் பெற்றவள். இவளுக்கு என்ன வந்தது?

சின்னவள் வந்தாள். பஞ்சில் பொதிந்து ஒரு தேள் கழற்றிப்போட்ட தோலைக் கொண்டுவந்திருந்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா, கூடமே இரண்டுபட்டது. ஆளுக்கு ஒரு பேர் கொடுத்தாள். வாலு நரி, தான் பாம்பு, மெத்தைத் தலையணைகள் எலிகள், குட்டி புல். யார் யாரைத் தின்கிறார்களோ அவர்களுக்கு நடுவில் கம்பளி நூல் கட்டினாள். ஒருவர் விழுந்தால் அவர் நூலில் தொங்குகிறவர்கள் எல்லாரும் விழ வேண்டும், அதுதான் விளையாட்டு. புல் தொப்பென்று விழுந்தது. தலையணைகள் விழுந்தன, பாம்பு விழுந்தது, நரி வேண்டுமென்றே இரண்டு தரம் உருண்டு விழுந்தது.

"அம்மா, பாத்தியா? நான் வெறும் புல்லு! நான் செத்ததும் எல்லாரும் செத்துட்டாங்க!" என்று குட்டி தரையில் கிடந்தபடி கத்தினாள்.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் பெரியவள். சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். தன் பாடத்தில் குட்டி ஒரு நாளாவது இப்படிக் கத்தியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு நாளும் இல்லை.

அதோடு விட்டதா? எழுந்தால் சித்தி, உட்கார்ந்தால் சித்தி. பழத்தோலைக் குப்பையில் போடப் போனால், "அதைத் தொட்டி மண்ணுல போடும்மா, மண்புழுவுக்கு வேணும்னு சித்தி சொன்னாங்க." குளியலறையில் சிலந்தியை அடிக்கத் துடைப்பத்தை ஓங்கினால், "ஐயோ, வேணாம்! அது கொசுவைத் திங்கும், சித்தி சொன்னாங்க." தன் வீட்டுக் குளியலறையில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதைக்கூடக் கீழே குடியிருக்கிறவள் முடிவு பண்ண வேண்டியதாயிற்று. பெரியவள் அந்தச் சிலந்தியைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவள் மட்டும் கொஞ்சம் அலட்டிக்கொள்கிறவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. "அக்கா, நீங்க மட்டும் சுவத்துல இதை வரையலேன்னா நான் எங்க நின்னு சொல்லித் தருவேன்?" என்று மனசாரச் சொல்கிறவள். அவள் நல்லவளாக இருந்தது பெரியவளின் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்.

"அச்சகத்துல திரும்பக் கூப்பிடறாங்கன்னு சொன்னியே. அடுத்த வருஷத்துலேர்ந்து போயேன்."

"அப்ப புவியியல்?"

"சின்னவளே ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கட்டுமே. காட்டைச் சொல்லும்போது அந்தக் காடு எந்த நாட்டுல இருக்குன்னும் சொல்லிட்டுப் போறா. பசங்களும் அவகிட்ட ஒட்டிக்கிட்டாங்க. வீட்டுப் படிப்பு எப்படி நடக்குதுன்னு பாக்கக் கல்வி அலுவலகத்துலேர்ந்து ஒரு அம்மா வராங்களே, அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் பேசி முடிவு பண்ணிக்கலாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பெரியவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். குட்டியோடு அவளுக்கு இருந்ததே காலை நேரத்து அந்தப் பாடம் ஒன்றுதான். அதையும் தூக்கிக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இவள் பென்சிலும் கையுமாக அச்சகத்துக்குப் போக வேண்டுமாம். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்து வந்தது காங்கோ. பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டுகிற நதி என்று பெரியவள் காலையில் சொல்லி முடித்தாள். மத்தியானம் சின்னவள் வந்து பிள்ளைகளோடு காட்டை அட்டையில் ஒட்டினாள். பழம் தின்று விதையைத் தூரத்தில் போடுகிற யானை, இலை தின்னும் ஒக்காப்பி என்கிற வரிக்கால் மிருகம், அதற்குப் பின்னால் பதுங்குகிற சிறுத்தை, சாம்பல் கிளி, அத்தனைக்கும் நடுவில் நதிக்கரையில் சுருண்டு கிடக்கிற ஒரு பெரிய பச்சைப் பாம்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கம்பளி நூல். குட்டி தன் கையெழுத்தில் பேர்களை எழுதியிருந்தாள்.

சாயங்காலம் பெரியவள் வழக்கம்போலச் சிவப்புப் பென்சிலோடு வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாம்புக்குக் கீழே எழுதியிருந்தது: அனகோண்டா.

அனகோண்டாவாவது, காங்கோவிலாவது! அது தென் அமெரிக்கப் பாம்பு. நடுவில் ஒரு மகா சமுத்திரம் கிடக்கிறது. சின்னவளுக்கு எப்படி இந்தப் பிசகு வந்தது என்பதும் பெரியவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மிருகக்காட்சி சாலையில் மழைக்காடு என்று ஒரு கண்ணாடி வீடு உண்டு. அங்கே காங்கோ கிளிக் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில்தான் அனகோண்டா கிடக்கும். சின்னவள் வருஷக்கணக்காக ஒரே வாளியோடு இரண்டுக்கும் தீனி போட்டவள். அவளுக்கு மழைக்காடு என்றால் அந்தக் கண்ணாடி வீடுதான், அதில் சமுத்திரம் ஏது?

பென்சில் அட்டைக்கு அருகில் போய்விட்டது. அங்கேயே நின்றது.

கல்வி அலுவலகத்து அம்மா முன்பு புவியியல் ஆசிரியையாக இருந்தவர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அட்டையை எடுத்து அவர் முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டும். பாம்பு இருக்கிற அட்டையை வாலு வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பானா? அவன் எழுந்து நின்று கடல் தாண்டி வந்த பாம்பைப் பற்றி அளக்க வேண்டும். சின்னவள் மூக்கு உடைய வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் சொல்லிக் கொடுக்கலாம் என்ற யோசனையை இவள் வீட்டுக்காரர் அங்கேயே மென்று விழுங்க வேண்டும். இதெல்லாம் நடக்கப் பெரியவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

அவள் பாம்பின் தலைமேல் விரலை வைத்தாள். சிரிப்பு தானாக வந்தது.

"என்னம்மா பாக்கறே?" என்று பின்னாலிருந்து குரல். குட்டி கைகழுவிவிட்டு ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்லைடா. நல்லாயிருக்கு."

"நிஜமாவா?"

"ம். நிஜமா."

குட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. சித்தியைப் பாராட்டினால் இவளுக்கு இத்தனை சந்தோஷமா என்று பெரியவளுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நகர்ந்தாள்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. காலையிலிருந்தே வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கொழுந்தன் நாற்காலிகளை மேலே தூக்கி வந்தார். வீட்டுக்காரர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். சின்னவள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தலை வாரக்கூட நேரமில்லாமல் வாலுவுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கையில் சஹாரா அட்டையை விடாமல் பிடித்திருந்தான்.

"நீ காங்கோ எடுக்கலையாடா?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்லை பெரியம்மா. எனக்குத் தேளு. காங்கோவைக் குட்டி கேட்டுச்சு, குடுத்துட்டேன்."

பெரியவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே குட்டி காங்கோ அட்டையை நூல் சிக்காமல் மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குட்டி, நீ வேற ஏதாவது எடுத்துக்கோயேன். பனிப்பிரதேசம் எடு. அதுதான் உனக்கு நல்லா வரும்."

"இல்லைம்மா, இதுதான்."

"ஏன், இதுல என்ன இருக்கு?"

"அப்புறமா சொல்றேன்" என்று சிரித்தாள் குட்டி.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காதில் பென்சில் இருந்தது. ஒரு வட்டம் போட்டிருந்தால், ஒரு நிமிஷத்தில் பேரை அடித்து மலைப்பாம்பு என்று எழுதியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் சின்னவள் நிற்கிறாள். "அக்கா, இது இத்தனை நாளா சுவத்துல தொங்கிச்சே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தம்மா பார்க்காமல் விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். பாவி, அப்போதும் மூடிக்கொண்டாள்.

கல்வி அலுவலகத்து அம்மா நல்ல மாதிரி. சுவர் உலகத்தைப் பார்த்து, "அடேயப்பா, யாரு வரைஞ்சது?" என்று வியந்தார். வாலுவின் தேளை ரசித்துக் கேட்டார், அவன் நடுவில் உருண்டு விழுந்து காட்டியதையும் பொறுத்துக்கொண்டார். அப்புறம் குட்டி எழுந்தாள்.

அந்தப் பெண் சொன்ன அழகைச் சொல்லி மாளாது. நதி எங்கே பிறக்கிறது, எப்படி வளைகிறது, ரேகையை எங்கெங்கே தாண்டுகிறது என்று பெரியவளின் குச்சியை வாங்கிச் சுவரில் காட்டினாள். அம்மா சொன்னது ஒரு வார்த்தை குறையாமல் அவள் வாயில் வந்தது. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்த பெண் அத்தனையையும் காதில் வாங்கித்தான் இருந்திருக்கிறாள். நதிக்கரையிலிருந்து அப்படியே காட்டுக்குள் நுழைந்து யானைக்கும் சிறுத்தைக்கும் வந்தாள். பெரியவள் அட்டையில் இருந்த பாம்பையே பார்த்தாள்.

"இது என்னம்மா, அனகோண்டாவா? இந்தக் காட்டுலயா?" என்று அதிகாரி குனிந்து பார்த்தார்.

"ஆமா மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கவே வேணாம் மேடம். எங்கம்மா பாத்தாச்சு. தப்பா இருந்தா வட்டம் போட்டிருப்பாங்க. எங்கம்மா கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்புகூட வேற கண்டத்துக்குப் போக முடியாது."

அதிகாரி சிரித்துவிட்டார். "எறும்பு போகலை. ஆனா இந்தப் பாம்பு தென் அமெரிக்காவுலேர்ந்து கடல் தாண்டி வந்திருக்கும்மா."

குட்டி நம்பவில்லை. அவரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

"ஐயையோ, தப்பு என்னோடது மேடம்!" என்று சின்னவள் குதித்து முன்னால் வந்தாள். "எங்க கண்ணாடி வீட்டுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. எனக்கு அந்த நினைப்பு. குழந்தை மேல தப்பே இல்லை." முகமெல்லாம் சிவந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இதைப் பார்க்கத்தானே பெரியவள் ஒரு வாரமாகக் காத்திருந்தாள்? பார்த்தாயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை.

"நீ பாத்தியேம்மா?" என்றாள் குட்டி.

எல்லாரும் பெரியவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்தேன்டா. ஆனா... கவனிக்கலை போலிருக்கு."

"இதெல்லாம் சகஜம், பெரிய விஷயமில்லை" என்றார் அதிகாரி. இரண்டு பிள்ளைகளையும் தட்டிக்கொடுத்தார். வீட்டிலேயே படிப்பதைத் தாராளமாகத் தொடரலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். "உன் கண்ணுக்கே தப்பிடுச்சா? அதிசயமா இருக்கே!" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். அடுத்த வருஷத்து ஏற்பாட்டைப் பற்றி அவரே ஒரு வழிக்கு வந்திருந்தார். "இல்லை, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சாத்தான் சரியா வரும்" என்றார். சின்னவளும், "ஆமா அக்கா, என்னை நம்பி விட்டுடாதீங்க, நான் உலகத்தையே கலைச்சு வச்சிடுவேன்" என்று கும்பிட்டாள். நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. கொழுந்தன் நாற்காலிகளைக் கீழே தூக்கிப் போனார், அவர் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

கூடத்தில் குட்டியும் பெரியவளும் மிஞ்சினார்கள். குட்டி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ரொம்ப நல்லா சொன்னேடா. அந்தம்மாவே அசந்துட்டாங்க."

"நீ கவனிச்சே."

"என்ன?"

"பாம்பு மேல விரலை வச்சுச் சிரிச்சே. நான் பாத்தேனே." குட்டி குரலை உயர்த்தவில்லை. "சித்தி பாடத்தைப் பாத்து நீ சிரிச்சதே இல்லைம்மா. அன்னைக்குத்தான் சிரிச்சே. நல்லாயிருக்குன்னும் சொன்னே. உனக்குப் பிடிச்ச அட்டைன்னுதான் நான் வாலுகிட்ட கெஞ்சி வாங்கினேன். அந்தம்மா போனப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

பெரியவள் மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினாள், பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

குட்டி எட்டி அம்மாவின் காதிலிருந்து பென்சிலை எடுத்து அவள் கையில் வைத்தாள். பெரியவள் அனகோண்டாவைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கோணலாக விழுந்தது.

குட்டி எழுந்தாள். சுவரில் மிச்சம் இருந்த அட்டைகளை, பனிப்பிரதேசம், பவளப்பாறை, புல்வெளி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து அம்மா முன்னால் பரப்பினாள்.

"இதுல எதெது தப்பு? இப்பவே சொல்லிடு."

"எதுவும் தப்பில்லைடா. எல்லாம் சரிதான். அம்மா சொல்றேன்ல?"

அது சத்தியமான பேச்சு. எல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஒரு தீவுகூட இடம் மாறியிருக்கவில்லை. குட்டி அட்டைகளை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இரும்மா, எதுக்கும் சித்தியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.